மாநாட்டுக்கான ஷெங்கன் விசா: ஒரு மறுப்பும் மறுவிண்ணப்பமும்

எதைப் பற்றிய ஆய்வு

மேற்குத் தமிழகத்தில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் நிலவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், 2024 செப்டம்பரில் ஐரோப்பாவில் நடந்த மாநாட்டில் கட்டுரை வாசிக்கக் குறுகியகால விசாவுக்கு விண்ணப்பித்தார். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஒரு மாதம்கூட மீதமில்லாத நிலையில் மறுபடியும் விண்ணப்பித்து, விசா பெற்று, போய் வந்தார். துறையில் வெளிநாட்டுப் பயண ஆவணங்களைப் பார்க்கும் ஆசிரியர் என்ற முறையில், மறுப்புக்குப் பிறகு நடந்தவற்றில் நானும் உடனிருந்தேன். மாணவியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும், மாநாடு நடந்த நாட்டின் பெயரையும் விட்டிருக்கிறேன். ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம், அதன் விசா விதிகள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது என்பதால், நாட்டின் பெயர் தெரியாததால் வாசகருக்கு எதுவும் குறையாது.

பின்னணி

மாணவியின் ஆய்வு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு பற்றியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஏற்றதல்ல என்பது வரம்பு. அதைத் தாண்டும் கிணறுகள் அங்கே நிறைய. பல்லில் கறை, எலும்பில் வலி என்று இரண்டு மூன்று தலைமுறையாக மக்கள் அவதிப்படும் பகுதி அது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லிலும் எலும்பிலும் வரும் நோய்) தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஓர் ஆய்வு வெளிநாட்டு அரங்கில் பேசப்பட வேண்டும் என்ற ஆசை எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

மார்ச் கடைசியில் ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டது. மாநாடு செப்டம்பர் 9 முதல் 12 வரை. ஷெங்கன் விதிப்படி பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். ஆக, ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்கியிருக்க முடியும். தொடங்கவில்லை. காரணம் பணம்.

மாணவி மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை பெறுபவர். இரண்டு ஆண்டு முடிந்து முதுநிலை ஆய்வாளராக உயர்த்தும் ஒப்புதல் எங்கேயோ ஒரு மேசையில் நின்றுபோனதால், அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து தொகை வரவே இல்லை. மே இறுதியில், மாதம் 42,000 ரூபாய் வீதம் ஐந்து மாதத்துக்குமான 2,10,000 ரூபாய் ஒரே தவணையாகக் கணக்கில் விழுந்தது. உதவித்தொகை வாங்கும் யாருக்கும் இது புதிதல்ல. ஆனால் நம்மூர் ஆய்வு மாணவர்களின் இந்த வாழ்க்கை வெளிநாட்டு விசா அதிகாரிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த வழக்கில் அது பெரிய விஷயமாகிவிட்டது.

தந்தை மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. குடும்பத்தில் யாரும் வெளிநாடு போனதில்லை. பாஸ்போர்ட் மட்டும் முன்பே எடுத்து வைத்திருந்தார்.

முதல் விண்ணப்பம்

ஜூனில், ஊரில் உள்ள ஒரு பயண முகவரை நாடினார். உறவினர் ஒருவர் வளைகுடா வேலைக்குப் போக உதவியவர் என்பதால் குடும்பத்துக்கு அவர்மேல் நம்பிக்கை. ஜூலை நடுவில் சென்னையில் உள்ள விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைத்தது. கோடை விடுமுறைக் கூட்டத்தில் அதற்கு முன்னால் எதுவும் அமையவில்லை. இரவு பஸ்ஸில் போய், கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டுத் திரும்பினார்.

கோப்பில் இருந்தவை: படிவம், மாநாட்டு இணையதளம் தானாகத் தயாரித்துக் கொடுத்த ஒரு பக்க ஏற்புக் கடிதம், பல்கலைக்கழகத்தின் தடையின்மைச் சான்று, மாணவியின் வங்கிக் கணக்கு அறிக்கை, தந்தையின் வங்கிக் கணக்கு அறிக்கை, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, விமான முன்பதிவு, ஓட்டல் முன்பதிவு. பட்டியலில் கேட்டிருந்த ஒவ்வொன்றும் இருந்தது. சரிபார்ப்புத் தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்ததால், மையத்தில் ஒரு தாளைக்கூடக் குறை சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் மையத்தில் வாங்கிக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைக்கிறார்கள். மையத்தின் வேலை தாள்களை வாங்கி அனுப்புவது. முடிவெடுப்பது தூதரக அதிகாரி. அந்த இரண்டு பேரும் பார்க்கும் பார்வை வேறு வேறு.

பயண நாட்கள் செப்டம்பர் 7 முதல் 22 வரை என்று போட்டிருந்தார்கள். மாநாடு நான்கு நாள், தங்குவது இரண்டு வாரத்துக்கு மேல். மீதி நாட்களில் பாரிஸில் உள்ள தூரத்து உறவினர் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். ஆனால், உறவினர் பெயரைச் சொன்னால் அங்கேயே தங்கிவிடுவார் என்று சந்தேகப்படுவார்கள், அதனால் வேண்டாம் என்று முகவர் தடுத்திருக்கிறார். எல்லா நாளுக்கும் மாநாட்டு நகரத்திலேயே ஓட்டல் பதிவு போட்டுக் கொடுத்தார்.

மறுப்பு

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. கூடவே, எல்லா ஷெங்கன் நாடுகளும் பயன்படுத்தும் அச்சிட்ட மறுப்புப் படிவம். இரண்டு கட்டங்களில் குறி இருந்தது. பயணத்தின் நோக்கம், தங்கும் ஏற்பாடுகள் பற்றித் தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்பது ஒன்று. விசாக் காலம் முடிவதற்குள் நாடு திரும்பும் எண்ணம் குறித்து நியாயமான ஐயம் இருக்கிறது என்பது மற்றொன்று. அதற்கு மேல் ஒரு வரிகூட விளக்கம் இல்லை.

மாணவி துறைக்கு வந்து அந்தத் தாளை நீட்டியபோது சொன்னது இதுதான்: "மேடம், நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்காங்க." அவமானப்பட்டுப் போயிருந்தார். மாநாட்டுக்கே போக வேண்டாம் என்ற முடிவுக்கும் வந்திருந்தார். அவரிடம் முதலில் சொன்னது, அந்தப் படிவம் ஆளைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்பது. அதிகாரி அவரைப் பார்த்ததே இல்லை. கோப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அந்தக் கோப்பை நாங்களும் அதே கண்ணோடு பார்ப்போம் என்று நெறியாளரும் நானும் மாணவியும் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்தோம்.

கோப்பில் என்ன தெரிந்தது

முதலில் தட்டுப்பட்டது ஓட்டல். முகவர் போட்ட பதிவின் எண்ணை வைத்து ஓட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அந்தப் பதிவு ரத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. விண்ணப்பம் சமர்ப்பித்த சில நாட்களிலேயே முகவர் ரத்து செய்திருக்கிறார். விமான முன்பதிவும் அதே கதைதான். அந்தக் குறியீட்டு எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் எதுவும் வரவில்லை. தூதரகம் இவற்றைச் சரிபார்த்ததா என்பதற்கு எங்களிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் 'நம்பத்தக்கதாக இல்லை' என்ற கட்டத்தில் குறி விழுவதற்கு இதைவிட நேரான காரணம் கோப்பில் வேறில்லை. 'டம்மி டிக்கெட்' என்று முகவர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பணம் கொடுப்பவருக்கு அது வெறும் சம்பிரதாயத் தாள் போலத் தோன்றுகிறது. சரிபார்க்கிற நாளில் அது உயிரோடு இல்லாவிட்டால், கையெழுத்துப் போட்ட மாணவியின் பெயரில்தான் பொய் சேரும், முகவரின் பெயரில் அல்ல.

அடுத்தது நாட்கள். நான்கு நாள் மாநாட்டுக்கு வருகிறவர் அதே ஊரில் இன்னும் பத்து நாள் என்ன செய்யப் போகிறார்? கோப்பில் பதில் இல்லை. பாரிஸ் பயணத்தைச் சொல்லியிருந்தாலும் சிக்கல் தீர்ந்திருக்காது. பல நாடுகளுக்குப் போகிறவர், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ, அல்லது எது முதன்மை நோக்கமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் அதிக நாள் என்றால், ஏன் எங்களிடம் வந்தீர்கள் என்ற கேள்வி எழும். பிரான்ஸில் உறவினர் வீட்டில் தங்குவதென்றால், அவர் தன் ஊர் நகராட்சியில் விருந்தோம்பல் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கும் நாளாகும்.

மூன்றாவது, பணம். இதில் கோப்பு மாணவிக்கு எதிராகவே பேசிக்கொண்டிருந்தது. அவருடைய கணக்கில் ஐந்து மாதம் வரவே இல்லை, திடீரென்று 2,10,000 ரூபாய். தந்தையின் கூட்டுறவு வங்கிக் கணக்கில் சமர்ப்பிக்கும் பத்து நாளுக்கு முன் 3,00,000 ரூபாய் ரொக்கம். முன்னது அவருடைய உழைப்பின் ஊதியம், தாமதமாக வந்தது. பின்னது 'பேலன்ஸ் காட்டணும்' என்று முகவர் சொன்னதால் மாமா கொடுத்துவைத்த பணம். சமர்ப்பித்த மறுவாரமே எடுத்தாயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கடன் வாங்கிக் காட்டிய 3 லட்சம், நேர்மையாக வந்த 2 லட்சத்தையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிட்டது. உதவித்தொகை ஆணையைக்கூட முகவர் கோப்பில் வைக்கவில்லை. தந்தைதான் செலவு செய்கிறார் என்று காட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு இந்த இடத்தில் மனம் பொறுக்கவில்லை. சொந்தத் தகுதியில் தேர்வெழுதி மாதம் 42,000 ரூபாய் வாங்கும் ஆய்வாளரை, வருமானமே இல்லாத ஒரு பெண் போலக் கோப்பு காட்டியிருந்தது.

நான்காவது, திரும்பி வருவதற்கான காரணம். எங்கள் பல்கலைக்கழகத்தில் காலங்காலமாகக் கொடுக்கும் தடையின்மைச் சான்றில் இரண்டே வரிதான்: இவர் இங்கே ஆய்வு செய்கிறார், வெளிநாடு செல்ல ஆட்சேபம் இல்லை. எப்போது திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் என்ன இழப்பு, என்ன வேலை காத்திருக்கிறது என்று ஒன்றும் இல்லை. திருமணமாகாத இளம் பெண், சொத்து இல்லை, சம்பள வேலை இல்லை, முதல் வெளிநாட்டுப் பயணம். இப்படி ஒரு கோப்பில் அந்தச் சான்றுதான் முதுகெலும்பாக இருந்திருக்க வேண்டும்.

பெயர் விஷயமும் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் பலருக்கும் உள்ளதுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. மாநாட்டுப் பதிவுப் படிவம் அந்த இடத்தை நிரப்பாமல் நகர விடாததால், தந்தையின் பெயரைப் போட்டிருந்தார். வங்கியில் தலைப்பெழுத்தோடு வேறு மாதிரி. மறுப்புக்கு இது காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சந்தேகத்தோடு படிப்பவருக்கு மூன்று தாளில் மூன்று பெயர் உறுத்தும்.

எடுத்த முடிவுகள்

மேல்முறையீடா, மறுவிண்ணப்பமா என்பது முதல் கேள்வி. மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அந்தந்த நாட்டுச் சட்டப்படி மறுப்புப் படிவத்திலேயே இருக்கும். ஆனால் மேல்முறையீடு என்பது, கொடுத்த கோப்பைத் தவறாகப் படித்துவிட்டீர்கள் என்று வாதாடுவது. இங்கே கோப்பே சரியில்லை. மாநாட்டுக்குள் முடிவு வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஒருமுறை மறுக்கப்பட்டது என்பதற்காகப் புதிய விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் கூடாது என்று விசா விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. அதனால் மறுவிண்ணப்பம் என்று தீர்மானித்தோம்.

பழைய மறுப்பைச் சொல்வதா வேண்டாமா என்று குடும்பத்தில் தயக்கம் இருந்தது. ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினிப் பதிவான விசாத் தகவல் அமைப்பில் விண்ணப்ப விவரம் ஐந்து ஆண்டு இருக்கும். அதிகாரி திரையைத் திறந்ததும் தெரியும். எனவே விளக்கக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே மறுப்பைக் குறிப்பிட்டு, முந்தைய கோப்பில் என்னென்ன குறை, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று எழுதச் சொன்னோம். முகவர் செய்த முன்பதிவுகள் ரத்தானதையும் மறைக்கவில்லை. தந்தையின் கணக்கைப் பற்றி ஒரே வாக்கியம்: இந்தப் பயணத்துக்குத் தந்தையின் பணம் தேவைப்படவில்லை, அதனால் அந்தக் கணக்கை இணைக்கவில்லை.

பாரிஸ் பயணத்தைக் கைவிடுவதுதான் வீட்டில் கடினமாக இருந்தது. உறவினர்கள் ஏற்கெனவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 7 கிளம்பி 14 திரும்புவது, மாநாட்டுக்கு முன்னும் பின்னும் ஓரிரு நாள் மட்டும் என்று சுருக்கினோம். பயணம் சிறிதானால் விளக்க வேண்டியதும் சிறிதாகும்.

அழைப்புக் கடிதத்துக்காக மாநாட்டு அமைப்பாளருக்கு எழுதினோம். ஆகஸ்ட் மாதம் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். முதல் பதில் தானியங்கி விடுப்புச் செய்தி. அமர்வுத் தலைவருக்கும் எழுதிய பிறகு, நடத்தும் பல்கலைக்கழகத்தின் முகப்புத் தாளில், கையெழுத்தோடு கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், கட்டுரைத் தலைப்பு, பேசும் நாள், பதிவுக் கட்டணம் தள்ளுபடி, மாணவர் விடுதியில் ஏழு இரவு தங்க இலவச இடம், தொடர்புகொள்ள ஒருவரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. கட்டணத் தள்ளுபடியும் விடுதி இடமும் மே மாதமே உறுதியானவை. முதல் கோப்பில் அவை இல்லை, முகவர் கேட்கவுமில்லை. பெயர்க் குழப்பத்துக்கு வட்டாட்சியரிடம் ஒரே நபர் என்று சான்று வாங்கலாமா என்று யோசித்தோம். இந்தக் கடிதம் வந்ததும் அது தேவைப்படவில்லை.

பல்கலைக்கழக நிதிப் பிரிவிடம், எந்தெந்த மாதத்துக்கான உதவித்தொகை எந்தத் தேதியில் ஒரே தவணையாகக் கணக்கில் சேர்ந்தது என்று ஒரு கடிதம் கேட்டோம். முதலில் மறுத்தார்கள், அப்படி வழக்கமில்லை என்றார்கள். பதிவாளரிடம் நெறியாளர் நேரில் பேசிய பிறகு கிடைத்தது. வங்கி அறிக்கையில் அந்த வரவைப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்திலேயே இந்தக் கடிதத்தையும் உதவித்தொகை ஆணையையும் வைத்தோம். விமான முன்பதிவை, ரத்துக் கட்டணம் கூடினாலும் பரவாயில்லை என்று விமான நிறுவனத்திடமே நேரடியாகச் செய்தார்.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது நெறியாளர் எழுதிய கடிதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் செப்டம்பர் கடைசி வாரத்தில், தேர்ந்தெடுத்த கிணறுகளில் நீர் மாதிரி எடுத்தாக வேண்டும். மழை இறங்கிவிட்டால் நிலத்தடி நீரின் வேதியியல் மாறிவிடும்; அந்த ஆண்டின் மழைக்கு முந்தைய தரவு போய்விடும்; ஆய்வேடு ஓராண்டு தள்ளிப்போகும். இதை ஊர்ப் பெயர்களோடும், முந்தைய ஆண்டு மாதிரி எடுத்த தேதிகளோடும் எழுதினார். சொத்துப் பத்திரம் இல்லாத ஓர் ஆய்வாளருக்குத் திரும்பி வரக் காரணம் அவருடைய ஆய்வுதானே. தடையின்மைச் சான்றிலும் விடுப்பு நாட்கள், மீண்டும் பணியில் சேர வேண்டிய தேதி, உதவித்தொகைக்கான வருகைப் பதிவு நிபந்தனை ஆகியவற்றைச் சேர்த்து வாங்கினோம்.

ஒரு மாற்று ஏற்பாடும் வைத்துக்கொண்டோம். செப்டம்பர் 5 வரை விசா வராவிட்டால் பயணத்தை விட்டுவிட்டு, பதிவுசெய்த காணொளியாகக் கட்டுரையை அளிக்கலாம் என்று அமர்வுத் தலைவர் ஒப்புக்கொண்டார். இந்தத் தேதி முடிவானதும் மாணவிக்குத் தூக்கம் வந்தது என்று சொன்னார்.

கட்டணம் பற்றி ஒரு சொல்

2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 யூரோவானது. மறுத்தாலும் திருப்பித் தர மாட்டார்கள். முதல் முறை மாணவி அதை முழுதாகக் கட்டினார். ஆனால் அறிவியல் கருத்தரங்கு, மாநாட்டில் பங்கேற்கச் செல்லும் ஆய்வாளர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது என்று அதே விதித்தொகுப்பில் இருக்கிறது. மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி. இந்தச் சலுகையை விண்ணப்பிப்பவர்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை, எந்தப் பிரிவின் கீழ் சலுகை கோருகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, அழைப்புக் கடிதத்தின் நகலோடு கவுன்ட்டரில் கொடுத்தார். அங்கிருந்த அலுவலர் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து ஏற்றுக்கொண்டார். ஆய்வு மாணவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாம் விண்ணப்பமும் விளைவும்

விண்ணப்ப மையத்தில் யாரோ ரத்து செய்த ஒரு நேரம் ஆகஸ்ட் 20-க்குக் கிடைத்தது. பயணத்துக்கு 18 நாள்தான் இருந்தது. ஜூலையில் எடுத்த கைரேகை 59 மாதம் வரை செல்லும் என்பதால் மறுபடி எடுக்கவில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 15 நாள் என்பது விதி. மேலும் ஆராய வேண்டியிருந்தால் 45 நாள் வரை நீட்டலாம். அந்த நீட்டிப்பு வந்திருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும்.

ஒரு வாரம் கழித்துத் தூதரகத்திலிருந்து மாணவிக்குத் தொலைபேசி வந்தது. யார் செலவு செய்கிறார்கள், மே மாத வரவு என்ன, திரும்பியதும் என்ன வேலை என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு, எந்தெந்த ஊரில் எத்தனை கிணறு, ஏன் மழைக்கு முன் எடுக்க வேண்டும் என்று அவர் விளக்கத் தொடங்கியதும், மறுமுனையில் இருந்தவர் அந்தத் தண்ணீரை இப்போதும் மக்கள் குடிக்கிறார்களா என்று கேட்டாராம். பதில்களை யாரும் மனப்பாடம் செய்துகொடுக்கவில்லை. கோப்பில் இருந்தது எல்லாம் உண்மை என்பதால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது எதுவுமில்லை.

செப்டம்பர் 4 அன்று பாஸ்போர்ட் விசாவோடு வந்தது. ஒரே நுழைவு, கேட்ட நாட்கள் மட்டும், செல்லுபடிக் காலத்தில் வழக்கமான 15 நாள் கூடுதல். அந்தக் கூடுதல் நாள், பயணத் தேதி தள்ளிப்போனால் பயன்படத்தான். தங்கும் நாள் அதனால் கூடாது. விசா கையில் இருந்தாலும் எல்லையில் நுழைவை மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு என்பதால், அழைப்பு, காப்பீடு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றின் நகல்களைக் கைப்பையில் வைத்து அனுப்பினோம். இறங்கிய விமான நிலையத்தில் அழைப்புக் கடிதத்தைக் கேட்டுப் பார்த்தார்கள்.

கட்டுரை வாசித்தார். ராஜஸ்தானிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே ஃபுளோரைடுப் பிரச்சினையில் வேலை செய்பவர்களைச் சந்தித்தார். 14-ஆம் தேதி கிளம்பித் திரும்பினார். திட்டப்படி மழைக்கு முன் மாதிரிகள் எடுத்தாயிற்று.

இனி மாற வேண்டியவை

துறையில் சிலவற்றை மாற்றிவிட்டோம். தடையின்மைச் சான்றுக்குப் புதிய வடிவம்: ஆய்வின் நிலை, விடுப்பு நாட்கள், திரும்பிச் சேரும் தேதி, காத்திருக்கும் பணி ஆகியவை கட்டாயம். மாநாட்டுக்குப் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரை நிரப்பச் சொல்கிறோம். குடும்பப் பெயர் இடம் கட்டாயம் என்றால், பதிவு செய்த அன்றே அமைப்பாளருக்கு எழுதி, கடிதங்களில் பாஸ்போர்ட் பெயரே வர வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். சுருக்கம் ஏற்கப்பட்ட வாரத்திலேயே விசா வேலை தொடங்க வேண்டும். உதவித்தொகை நிலுவையில் இருந்தால், நிலுவையில் இருக்கிறது என்று கடிதம் வாங்கலாம், பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முகவர்களை முழுதாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். நேரம் பதிவு செய்யவும் படிவம் நிரப்பவும் உதவி வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முன்பதிவுகளும் வங்கிக் கணக்கும் மாணவரின் கையைவிட்டுப் போகக் கூடாது. இல்லாத பணத்தைக் காட்டச் சொல்லும் முகவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

மாணவிக்கு இந்த மறுப்பு இன்னும் சில இடங்களில் வரும். பிரிட்டன், கனடா போன்ற நாடுகளின் படிவங்களில் வேறு நாடுகள் விசா மறுத்திருக்கின்றனவா என்று கேட்பார்கள். ஆம் என்று எழுதி விளக்க வேண்டும். மறுப்புப் படிவத்தையும் விளக்கக் கடிதத்தையும் பாதுகாத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். இன்னொரு பக்கம், 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை முறையாகப் பயன்படுத்தியவருக்கு, இரண்டு ஆண்டு செல்லும் பல நுழைவு விசா கிடைக்க வழி உண்டு. அவர் கையில் இப்போது ஒன்று இருக்கிறது.

உதவித்தொகை இல்லாத ஆய்வு மாணவர்களுக்கு இந்த வழக்கு வழிகாட்டாது. எங்கள் துறையிலேயே அவர்கள் பாதிக்கு மேல். அவர்களின் கோப்பில் பணம் என்ற இடத்தில் வைக்க உண்மையான தாளே இருக்காது. கடன் வாங்கிக் காட்டும் வழிதான் கண்ணில் படும். மாநாட்டுப் பயணச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்று, அதற்கு ஒரு பொறுப்புறுதிக் கடிதமும் தர வேண்டும் என்று துறை சார்பில் ஆட்சிக்குழுவுக்குக் கோரிக்கை வைத்திருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை.